பஞ்ச் நம் கையில்... நம்பர் யாருடையது?



முதலாண்டு ஃபிட்டிங் ஒர்க்‌ஷாப்பை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கை கொப்பளிக்க ராவி, ட்ரை ஸ்கொயர் வைத்து வெளிச்சம் பார்த்து, கடைசியில் ஜாபின் ஓரத்தில் நம்பர் பஞ்சை வைத்து ரெஜிஸ்டர் நம்பரை அடிப்போமே, அந்த நிமிடம் ஒரு தனி சந்தோஷம். அடித்த பிறகு அது வெறும் இரும்புத் துண்டு இல்லை, ‘என்னுடைய ஜாப்’. பக்கத்து வைஸில் நிற்பவன் நம் ஜாபை எடுத்து, நம் நம்பரை ராவிவிட்டு அவன் நம்பரை அடித்துக் கொடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்? சண்டைக்குப் போவோமா, மாட்டோமா?

இதே கேள்வி போன வருடம் எங்கள் வீட்டு வாசலில், நான்கு சக்கரத்தோடு வந்து நின்றது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மாமா வாங்கிய கார்

எனக்குச் சொந்த ஊர் கீழவைப்பார். வைப்பாறு கடலில் சேரும் இடம். ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் கடல். மாமாவுக்கு (அம்மாவின் தம்பி) நண்டு வலைத் தொழில். சின்ன வயதில் ஒரு கல்யாண வீட்டுக்கு அம்பாசடர் காரில் போனதிலிருந்து, என்றைக்காவது ஒரு அம்பாசடர் வாங்கி வீட்டு முன்னால் நிறுத்த வேண்டும் என்று அவருக்கு ஒரு கனவு. கனவு காணாத மனிதர் உண்டா?

ஒரு புரோக்கர் மூலம் வண்டி அமைந்தது. 1976-ஆம் வருட மார்க்-3 மாடல். வெள்ளை பெயிண்ட் பளபளவென்று இருந்தது. சீட்டுக்குப் புதுக் கவர், டேஷ்போர்டில் மாதா படம்கூட ஒட்டித் தந்தார்கள். மாமா வண்டியை நாலு தெரு ஓட்டிப் பார்த்தார். ‘இழுவை நல்லா இருக்குலா’ என்றார். எண்பத்தைந்தாயிரம் ரூபாய் கைமாறியது. ஆர்.சி. புத்தகமும், கையெழுத்துப் போட்ட 29, 30 ஃபாரங்களும் கைக்கு வந்தன. நானும் கூடப் போயிருந்தேன். மெக்கானிக்கல் டிப்ளமா படிக்கிறவன் என்ற பெருமையில் டயரைக் காலால் உதைத்துப் பார்த்தேன்! பானட்டைத் திறந்து ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். பார்க்க வேண்டியதை மட்டும் பார்க்கவில்லை.

எட்டயபுரம் சந்தையில் ஆடு வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் கயிற்றை வாங்குவானா? எங்கள் கரையில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-இல். அந்தக் காலத்தைப் பற்றித் தாத்தா சொல்லுவார்: ‘முத்தைக் கண்ணால பார்த்து எவனும் வாங்க மாட்டான். பித்தளைச் சல்லடையில சலிச்சு, தராசுல நிறுத்து, அப்புறம்தான் விலை பேசுவான்.’ அப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு, நாங்கள் பெயிண்டைப் பார்த்துக் கார் வாங்கினோம்.

பெயர் மாற்றத்துக்கும் ரினீவலுக்கும் வண்டியைக் கொண்டுபோனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் சேஸ் நம்பருக்குப் பென்சில் பிரிண்ட் எடுத்தார். சரியாக இருந்தது. அடுத்து பானட்டைத் திறக்கச் சொன்னார். ஒரு நிமிடம் பார்த்தார். ‘ஆர்.சி.யில பெட்ரோல்னு போட்டிருக்கு. இதுல ஸ்பார்க் பிளக் எங்கய்யா?’ என்று கேட்டார். எனக்குத் தலையில் சுத்தியல் விழுந்த மாதிரி இருந்தது. பிளக் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை, ஓரத்தில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் பம்ப் உட்கார்ந்திருக்கிறது. டீசல் எஞ்சின்! முதலாண்டு மாணவன்கூடச் சொல்லக்கூடியதை நான் கோட்டை விட்டிருந்தேன்.

அதைவிட மோசம் ஒன்று உண்டு. நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் நம்பரே இல்லை. நன்றாக ராவி, மேலே பெயிண்ட் அடித்திருந்தது. அவர் வண்டியைத் திருப்பி அனுப்பினார். அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி.

1489 செய்த மாயம்

ஆர்.சி.யில் பெட்ரோல், வண்டியில் டீசல் என்றால் சி.சி. இடிக்காதா என்று நீங்கள் கேட்கலாம். இடிக்காது! வேடிக்கை அங்கேதான் இருக்கிறது.

அம்பாசடர் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரிலிருந்து வந்தது. கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 வரை தயாரித்தது. அதில் நெடுங்காலம் வந்த பி.எம்.சி. பெட்ரோல் எஞ்சின் 1489 சி.சி. பிறகு வந்த பி.எம்.சி. டீசல் எஞ்சினும் அதே 1489 சி.சி.தான். ஒரே குடும்பத்து அண்ணன் தம்பி. அதனால் சி.சி. கட்டத்தைப் பார்த்து இதைப் பிடிக்க முடியாது. எரிபொருள் கட்டத்தையும் எஞ்சின் நம்பரையும் பார்த்தால்தான் பிடிபடும்.

இன்னொரு கணக்கும் உண்டு. டீசல் அம்பாசடர் சந்தைக்கு வந்தது 1980-ஐ ஒட்டித்தான். 1976-இல் பிறந்த கார் டீசலோடு பிறந்திருக்கவே முடியாது. எந்த வருடம் எந்த எஞ்சின் வந்தது என்ற சரித்திரம் தெரிந்தவனை ஏமாற்றுவது கஷ்டம். சென்னைக்கு அருகே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகட்டும், பம்பாய் குர்லாவில் தயாரான பிரீமியர் பத்மினி ஆகட்டும், பழைய கார் வாங்கப் போகிறவன் முதலில் படிக்க வேண்டியது அந்த மாடலின் ஜாதகத்தை.

‘ரெண்டு தட்டு தட்டிரு மருமவனே!’

மாமா புரோக்கருக்கு போன் போட்டார். அவர் பதறவே இல்லை. ‘எஞ்சின் மாத்துன வண்டிதான். நம்ம பக்கம் இது சாதாரணம். உங்க ஆர்.சி. நம்பரை அடிச்சுக்கிடதுக்குத்தான் இடம் விட்டு வச்சிருக்கு’ என்றாராம். எவ்வளவு நல்ல மனசு பாருங்கள், இடம் விட்டு வைத்திருக்கிறார்!

அன்று ராத்திரி மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

‘மருமவனே, நீ பாலிடெக்னிக்குல இதத்தானல படிக்க? ஒங்க ஒர்க்‌ஷாப்புல நம்பர் பஞ்சு செட்டு கெடக்கும்லா? ஒருநா எடுத்துட்டு வா. ரெண்டு தட்டு தட்டிரு. பத்து நிமிச வேல.’

நண்பர்களே, உண்மையைச் சொல்லுகிறேன். நான் உடனே ‘முடியாது’ என்று சொல்லவில்லை. என் முதல் வருட ஃபீஸைக் கட்டியவர் அவர். பத்து நிமிட வேலைதான். செய்யவும் தெரியும். மூன்று நாள் தூங்கவில்லை. பஞ்சின் சைஸ் ஒத்துவருமா என்றுகூட மனம் கணக்குப் போட்டது. அப்போதுதான் ஃபிட்டிங் ஜாபில் அடித்த என் ரெஜிஸ்டர் நம்பர் ஞாபகம் வந்தது. இந்த எஞ்சினிலும் யாருடைய நம்பரோ இருந்திருக்கிறது. அதை ஒருவன் ராவியிருக்கிறான். ஏன் ராவினான்? பில் இருக்கிற எஞ்சினை யாராவது ராவுவார்களா?

நாலாம் நாள், ‘மாமா, நான் செய்ய மாட்டேன். நீங்களும் வேற ஆளை வச்சுச் செய்யாதீங்க’ என்று சொன்னேன். மாமா முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ‘நாலு எழுத்து தட்டத் துப்பில்ல, இதுக்கு ஒரு படிப்பு!’ என்று எழுந்து போனார். இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. அத்தைதான் நடுவில் நின்று எல்லாருக்கும் சாப்பாடு போட்டார்.

அடித்த நம்பர் அவ்வளவு சீக்கிரம் போகாது

ராவிவிட்டால் நம்பர் அழிந்துவிடும் என்று நினைக்கிறோம். மெட்டலர்ஜி பாடத்தை நினைத்துப் பாருங்கள். பஞ்ச் விழும்போது பள்ளத்தின் அடியில் இருக்கும் உலோகமும் நசுங்குகிறது. மேலே ராவினாலும் அடியில் அந்த நசுங்கல் இருக்கும். அங்கே அமிலம் வேலை செய்யும் வேகம் வேறு. காப்பர் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலைத் தடவி, ராவிய எழுத்துகளைத் தடயவியல் ஆய்வகங்களில் திரும்பக் கொண்டுவருகிறார்கள். எஃகில் இது நன்றாக வரும், வார்ப்பிரும்பில் சிரமம் அதிகம். ஆனால் ‘யாருக்கும் தெரியாது’ என்று நம்பி ஒருவன் பஞ்சைத் தூக்குவது முட்டாள்தனம்.

எஞ்சினில் இரண்டு வகை நம்பர்கள் இருக்கலாம் என்பதையும் தெரிந்துகொள்வோம். ஒன்று, வார்ப்பிலேயே புடைத்து நிற்கும் காஸ்டிங் நம்பர். அது அந்த வகை பிளாக் எல்லாவற்றுக்கும் பொது. இன்னொன்று, பஞ்சால் அடித்த எஞ்சின் நம்பர். அதுதான் அந்த ஒரு எஞ்சினின் பெயர். இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘ஆர்.சி.யோடு ஒத்துப்போகவில்லை’ என்று நல்ல வண்டியை விட்டவர்களும் உண்டு. சில வண்டிகளில் நம்பர் பிளாக்கில் இருக்காது, ரிவெட் அடித்த தகட்டில் இருக்கும். பி-சீரிஸ் எஞ்சின் வந்த எம்.ஜி.பி. காரில் அப்படித்தான். தகடு என்றால் ரிவெட்டையும் பார்க்க வேண்டும். பழைய தகட்டில் புது ரிவெட் பளபளத்தால் ஏதோ கதை இருக்கிறது.

அமெரிக்காவில் இதற்கு ‘மேட்சிங் நம்பர்ஸ்’ என்று பெயர். ஃபேக்டரியில் மாட்டிய அதே எஞ்சினோடு இருக்கிற பழைய செவ்ரலே கார்வெட்டுக்கு விலையே வேறு. அங்கே காஸ்டிங் தேதியைக்கூடப் படிக்கிறார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் பிளாக்குகளில் மாதத்துக்கு ஏ முதல் எல் வரை ஓர் எழுத்து, பிறகு தேதி, பிறகு வருடத்தின் கடைசி இலக்கம். கார் அசெம்பிளி ஆன நாளுக்குப் பிறகு வார்த்த எஞ்சின் அதில் இருந்தால் அது அந்தக் காரோடு பிறந்தது இல்லை. இங்கிலாந்தில் பழைய மோரிஸ், ஆஸ்டின் கார்களுக்கு, முதலில் மாட்டிய எஞ்சின் நம்பரைப் பழைய ஃபேக்டரி ரெஜிஸ்டரிலிருந்து எடுத்து ஹெரிடேஜ் சர்டிஃபிகேட்டாகவே தருகிறார்கள்.

அது பணக்காரர்களின் பொழுதுபோக்கு, நமக்கென்ன என்று கேட்காதீர்கள். அவர்களுக்கு நம்பர் தப்பினால் விலை குறையும். நமக்கு நம்பர் தப்பினால் வண்டியே குறையும். பெயர் மாறாது, ரினீவல் கிடைக்காது, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் பார்ப்பதே இதைத்தான். எஞ்சின் திருட்டு வண்டியுடையது என்றால் ஸ்டேஷன் வாசலில் நிற்பது விற்றவன் இல்லை, நாம்.

எஞ்சின் மாற்றுவது பாவமா?

இல்லை. இதை அழுத்திச் சொல்லுகிறேன். எங்கள் ஊர் வள்ளங்களில் எஞ்சின் மாற்றுவது வலை மாற்றுகிற மாதிரி. ஓடவில்லையா, இறக்கு, வேறு ஏற்று. மாமா அந்தக் கண்ணோடுதான் காரையும் பார்த்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் காரில் இருந்த அதே பி.எம்.சி. 1.5 டீசல் இங்கிலாந்துக் கால்வாய்ப் படகுகளிலும் ஓடுகிறது. எஞ்சினுக்குத் தண்ணீரும் ஒன்றுதான், ரோடும் ஒன்றுதான்.

சட்டமும் எஞ்சின் மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். தயாரித்தவர் சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. முன் அனுமதி இல்லாமல் எஞ்சினை மாற்றியிருந்தால் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஆர்.சி.யைக் கொடுக்க வேண்டும். 2019-இல் வந்த திருத்தத்தின்படி அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆக, மாற்றுவது குற்றம் இல்லை, மறைப்பதுதான் குற்றம்.

2021-இல் மத்திய அரசு 50 வயதைத் தாண்டிய வண்டிகளுக்கு ‘வின்டேஜ்’ பதிவு கொண்டுவந்தது. ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனி நம்பர், புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் சேஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்யாத வண்டியாக இருக்க வேண்டும். 1976 மாடல் அம்பாசடருக்கு 50 வயது நிறைவது 2026-இல். அந்த மரியாதை அந்தக் காருக்குக் கிடைக்குமா கிடைக்காதா என்பதைத் தீர்மானித்தது, என்றோ ஒருநாள் ஒருவன் கையில் எடுத்த அரம்!

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

நான் பட்டபின் தெரிந்துகொண்டதை நீங்கள் படாமலே தெரிந்துகொள்ளுங்கள்.

1. ஆர்.சி.யை முதலில் படியுங்கள், வண்டியைப் பிறகு பாருங்கள். சேஸ் நம்பர், எஞ்சின் நம்பர், எரிபொருள், வருடம், கடன் பாக்கி என்று எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

2. பகல் வெளிச்சத்தில் போங்கள். கையில் டார்ச், கண்ணாடி, மண்ணெண்ணெய் நனைத்த துணி இருக்கட்டும். அழுக்கைத் துணியால் துடையுங்கள். எமரி தாளோ கிரைண்டரோ வேண்டாம். துரு எடுக்கப்போய் நம்பரையே எடுத்துவிடுவோம். நம் உப்புக்காற்றில் எழுத்து ஏற்கனவே அரித்திருக்கும்.

3. மெல்லிய தாளை வைத்துப் பென்சில் பிரிண்ட் எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத அரத்தின் கோடு பென்சிலில் தெரியும். எழுத்தின் உயரம், இடைவெளி, ஆழம் ஒரே மாதிரி இருக்கிறதா? நம்பர் இருக்கும் இடம் மட்டும் பக்கத்து வார்ப்பைவிடப் பள்ளமாக, வழவழவென்று இருக்கிறதா?

4. ஒன்றுக்கும் ஏழுக்கும், மூன்றுக்கும் எட்டுக்கும் குழப்பம் வரும். அவசரப்பட்டு யாரையும் திருடன் என்று சொல்லிவிடாதீர்கள். பிளாக்கின் மேல்தளத்தை மெஷினிங் செய்யும்போது நம்பர் போய்விடும் எஞ்சின்களும் உண்டு. அப்படியானால் மெஷின் ஷாப் பில்லைக் கேளுங்கள்.

5. எஞ்சின் மாற்றிய வண்டி என்றால், எஞ்சின் வாங்கிய பில்லும் ஆர்.சி.யில் பதிவும் இருக்க வேண்டும். ‘அப்புறம் பண்ணிக்கலாம்’ என்றால் நீங்களும் அப்புறம் பணம் தரலாம்.

6. எம்-பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். எஞ்சின் நம்பரின் சில எழுத்துகளை மறைத்துத்தான் காட்டும். மிச்சம் இருப்பதையாவது ஒப்பிடலாம். திருட்டு வண்டிப் பட்டியலில் இருக்கிறதா என்று போலீஸ் இணையதளத்தில் எஞ்சின், சேஸ் நம்பர்களைக் கொடுத்துத் தேடவும் வழி இருக்கிறது.

7. எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் அட்வான்ஸ். பெயிண்டுக்கு மயங்காதீர்கள். பெயிண்ட் அடிப்பதே சில சமயம் நாம் பார்க்காமல் இருப்பதற்குத்தான்.

கடைசியாக ஒரு வார்த்தை

மாமா கதை என்ன ஆயிற்று? புரோக்கர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. மாமாவே ஒருநாள் என்னிடம் வந்து, ‘சரி, நேர்வழி எதுன்னு சொல்லு’ என்றார். நம்பர் இல்லாத அந்த டீசல் எஞ்சினை இறக்கி, போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து ஒப்படைத்தோம். பதிவு ரத்தான இன்னொரு அம்பாசடரின் பெட்ரோல் எஞ்சினைப் பில்லோடும், ரத்துச் சான்றின் நகலோடும் வாங்கினோம். விண்ணப்பம், ஆய்வு, அலைச்சல் எல்லாம் சேர்ந்து நாலு மாதம் ஆனது. கையை விட்டுப் போனது இன்னும் முப்பத்தெட்டாயிரம். இப்போது ஆர்.சி.யில் இருக்கும் எஞ்சின் நம்பரும் பிளாக்கில் இருக்கும் நம்பரும் ஒன்று. ‘மேட்சிங் நம்பர்ஸ்’ என்று எந்தக் கிளப்பும் இதற்குப் பரிசு தராது. ஆனால் போலீஸ் கை காட்டினால் மாமா தைரியமாக ஓரங்கட்டுகிறார்.

நண்பர்களே! நாளை நம்மில் பலர் ஒர்க்‌ஷாப்பில், சர்வீஸ் ஸ்டேஷனில், சிலர் சொந்தப் பட்டறையில் நிற்கப் போகிறோம். ‘பத்து நிமிச வேலை, ரெண்டு தட்டு தட்டிரு’ என்று கேட்டு யாராவது வருவார்கள். வருகிறவர் எதிரியாக இருக்க மாட்டார். மாமாவாக இருப்பார், முதலாளியாக இருப்பார், உயிர் நண்பனாக இருப்பார். இல்லை என்று சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கும். நமக்கு அரத்தையும் பஞ்சையும் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தது, நாம் செய்த வேலைக்கு நம் நம்பரை அடிக்கத்தான். அடுத்தவன் நம்பரை ராவ இல்லை.

சமீபத்தில் மாமாவின் நண்பர் ஒருவர் பழைய பத்மினி பார்க்கக் கிளம்பினார். மாமா அவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது: ‘ஏலே, தனியாப் போவாத. என் மருமவன கூட்டிட்டுப் போ. அவன் டயர உதைக்க மாட்டான், நம்பரத்தான் பார்ப்பான்.’

– இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை